முகம்மது சலீம் (காற்பந்தாட்ட வீரர்)

முகம்மது சலீம் (1904 – 1980) கொல்கத்தாவைச் சேர்ந்த இந்தியக் காற்பந்தாட்ட வீரர் ஆவார். ஐரோப்பியக் கழகம் ஒன்றுக்காக விளையாடிய முதல் இந்தியர் எனப் பரவலாகக் கருதப்படுபவர் இவரே. 1936 ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரிலுள்ள செல்ட்டிக் கழகத்தின் சார்பில் இரண்டு ஆட்டங்களில் இவர் காலணி அணியாமல், பாதங்களில் துணிக்கட்டு மட்டும் சுற்றிக்கொண்டு விளையாடினார். அக்கழகம் இவரைத் தன்னிடமே வைத்துக்கொள்ள விரும்பியபோதும் அதனை ஏற்காமல் நாடு திரும்பினார். கொல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கொல்கத்தா லீக் போட்டியை வென்ற காலத்தில் அதன் முக்கிய வீரர்களுள் ஒருவராக விளங்கினார்.

இளமைக் காலம்

சலீம் 1904 ஆம் ஆண்டில் கொல்கத்தாவின் மெட்டியாபுரூஸ் பகுதியில் எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தார். ஊக்ளி ஆற்றின் கரையில் அமைந்த இப்பகுதி, அவத் நாட்டின் கடைசி மன்னரான வாஜித் அலி ஷா, ஆங்கிலேயரால் நாடிழந்தபின் வந்து குடியேறிய இடமாகும். மன்னருடன் வந்தவர்களின் வழித்தோன்றல்களும், பின்னர் துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பிப் பிழைக்க வந்தவர்களும் இங்கே வாழ்ந்தனர்.

சலீமுக்குப் படிப்பில் நாட்டம் குறைவாகவும் பந்தில் நாட்டம் மிகுதியாகவும் இருந்தது. அவருக்கு ஏழு வயதிருக்கும்போது, 1911 சூலை 29 அன்று, மோகன் பகான் அணி ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியாட்டத்தில் ஈஸ்ட் யார்க்‌ஷயர் படைப்பிரிவின் அணியை 2–1 என்ற கோல் கணக்கில் வென்றது. மோகன் பகான் வீரர்களில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். எதிரணியினர் காலணி அணிந்த படைவீரர்கள். ஆட்சியாளர்களை அவர்களது விளையாட்டிலேயே வெல்ல முடியும் என்று வங்காளமெங்கும் எழுந்த பெருமிதம் ஒரு தலைமுறைச் சிறுவர்களை மைதானங்களை நோக்கி இழுத்தது. சலீமும் அவர்களுள் ஒருவர்.

வெறுங்கால் ஆட்டம்

சலீமின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள அக்காலத்து இந்தியக் காற்பந்தாட்டத்தைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்ள வேண்டும். இந்திய வீரர்கள் வெறுங்காலுடன் ஆடியதற்கு வறுமை ஒரு காரணம் என்றாலும் அது மட்டுமே காரணம் அன்று. சிறுவயது முதல் வெறுங்காலில் பழகியவர்களுக்குக் கனத்த தோல் காலணி ஒரு சுமையாகவே இருந்தது. விரல்களால் பந்தைப் பிடித்து நிறுத்தவும், உருட்டவும், திசை திருப்பவும் வெறுங்கால் இடங்கொடுத்தது. காய்ந்த தரையில் வெறுங்காலுடன் ஓடுபவர் காலணி அணிந்தவரைவிட விரைவாகத் திரும்பவும் முடியும்.

மழை வந்தால் நிலைமை தலைகீழாகிவிடும். அக்காலப் பந்து தோலால் ஆனது. வாய்ப்பகுதி தோல்வாரினால் கட்டப்பட்டிருக்கும். நனைந்தால் நீரை உறிஞ்சிக் கனத்துவிடும். சேற்றில் வெறுங்கால் வழுக்கும். ஆணி பதித்த காலணி வழுக்காது. கொல்கத்தா லீக் ஆட்டங்களோ பெரும்பாலும் மழைக்காலத்தில்தான் நடைபெற்றன. இந்திய அணிகளின் வெற்றி தோல்வி வானத்தைப் பொறுத்திருந்தது என்று கூறினால் மிகையாகாது. 1930களில் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகம் பெற்ற வெற்றிகளுக்கு, ஈரத் தரையில் தன் வீரர்களைக் காலணி அணிந்து ஆடப் பழக்கியதும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. சலீம் வெறுங்கால் ஆட்டத்தையே விரும்பியவர்.

கொல்கத்தாக் கழகங்களில்

1926 ஆம் ஆண்டில் சலீம் பவுபசார் பகுதியிலிருந்த சித்தரஞ்சன் காற்பந்துக் கழகத்தில் சேர்ந்தார். பின்னர் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்தின் இரண்டாம் அணிக்கு வந்தார். அங்கே அவரது ஆட்டத்தைக் கண்ட பங்கஜ் குப்தா என்னும் விளையாட்டு நிருவாகி அவரை ஸ்போர்ட்டிங் யூனியன் கழகத்துக்கு அழைத்துச் சென்றார். 1931 வரை அக்கழகத்தில் இருந்த சலீம், சிறிது காலம் ஈஸ்ட் பெங்கால் கழகத்திலும், அதன்பின் ஆரியன்ஸ் கழகத்திலும் ஆடினார். 1934 இல் மீண்டும் முகம்மதன் ஸ்போர்ட்டிங் கழகத்துக்கே திரும்பினார். அப்போது அவருக்கு வயது முப்பது. காற்பந்தாட்டத்தில் பலர் ஓய்வைப் பற்றி எண்ணத் தொடங்கும் வயது அது. சலீமின் புகழோ அதன் பின்னரே தொடங்கியது.

கொல்கத்தா லீக் 1898 இல் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் அது முற்றிலும் ஐரோப்பியர்களுடையதாக இருந்தது. பின்னர் இந்திய அணிகள் சேர்த்துக்கொள்ளப்பட்டபோதும், முதல் பிரிவில் இரண்டு இந்திய அணிகளுக்கு மேல் இடமில்லை என்ற விதி 1920களின் நடுப்பகுதி வரை நீடித்தது. முப்பத்தைந்து ஆண்டுகளாகக் கிண்ணம் படைப்பிரிவு அணிகளுக்கும் ஐரோப்பியக் கழகங்களுக்குமே சென்றுகொண்டிருந்தது. 1911 இல் கேடயத்தை வென்ற மோகன் பகானுக்கும் லீக் கிண்ணம் கைக்கெட்டவில்லை.

1891 இல் நிறுவப்பட்ட முகம்மதன் ஸ்போர்ட்டிங், 1934 இல்தான் முதல் பிரிவுக்கு உயர்த்தப்பட்டது. அந்த முதல் ஆண்டிலேயே லீக் போட்டியை வென்று, அதனை வென்ற முதல் இந்திய அணி என்னும் பெருமையைப் பெற்றது. அடுத்து வந்த நான்கு ஆண்டுகளிலும் அதுவே வென்றது. பெங்களூர் முதலிய தொலைவூர்களிலிருந்தும் வீரர்களைத் தேடிக் கொண்டுவந்த இந்த அணியில், வலது ஓரத்தில் பந்தைக் கொண்டுசென்று நடுவிலிருப்போருக்கு அளிக்கும் பொறுப்பு சலீமுடையது. தாமே கோலடிப்பதைவிடப் பிறர் கோலடிக்க வழி செய்வதிலேயே அவரது திறமை வெளிப்பட்டது.

சீன அணியுடன் ஆட்டம்

1936 ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்றுகொண்டிருந்த சீனக் காற்பந்து அணி, பயணச் செலவுக்குப் பணம் திரட்டும் பொருட்டு வழியிலுள்ள நாடுகளில் காட்சி ஆட்டங்களை ஆடியது. இந்தியாவுக்கும் வந்த அந்த அணிக்கு எதிராகக் கொல்கத்தாவில் இரண்டு ஆட்டங்கள் ஏற்பாடு செய்யப்பட்டன. முதல் ஆட்டத்தில் இந்தியத் தெரிவு அணிக்காக ஆடிய சலீமின் ஆட்டத்தைச் சீன அணியின் பொறுப்பாளர்கள் மனந்திறந்து பாராட்டினர்.

இரண்டாம் ஆட்டத்துக்குச் சலீம் வரவில்லை. அவரைக் காணாத இந்தியக் காற்பந்துச் சங்கம் அவரை உடனே திரும்பி வருமாறு செய்தித்தாள்களில் விளம்பரம் செய்தது. பயனில்லை. அவர் அதற்குள் கப்பலேறிவிட்டிருந்தார்.

சலீமின் உறவினரான ஆசிம் என்பவர் பிரித்தானியாவில் கடை வைத்திருந்தார். கொல்கத்தாவுக்கு வந்திருந்த அவர், இவ்வளவு திறமை படைத்தவர் ஐரோப்பாவில் தம்மைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சலீமை வற்புறுத்தி உடன் அழைத்துச் சென்றார். ஸ்காட்லாந்துச் செய்தித்தாள்கள் ஆசிமைச் சலீமின் சகோதரர் என்றே எழுதின. இருவரும் கெய்ரோவில் சில நாட்கள் தங்கி, அங்கிருந்து இலண்டனுக்கும் பின்னர் கிளாஸ்கோவுக்கும் சென்றனர். அந்த ஆண்டில் இந்தியா பெர்லினுக்குக் காற்பந்து அணியை அனுப்பவில்லை. தியான் சந்த் தலைமையிலான வளைதடிப் பந்தாட்ட அணி அங்கே தங்கப் பதக்கம் வென்ற அதே ஆகத்து மாதத்தில், எவரும் அனுப்பாமல் சென்ற சலீம் கிளாஸ்கோவில் ஆடிக்கொண்டிருந்தார்.

செல்ட்டிக் கழகத்தில்

செல்ட்டிக் சாதாரணக் கழகம் அன்று. 1887 இல் கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் வாழ்ந்த அயர்லாந்து வழி வந்த ஏழை மக்களுக்கு உதவும் நோக்குடன் தொடங்கப்பட்ட அது, 1935–36 பருவத்தின் ஸ்காட்லாந்து லீக் போட்டியை அப்போதுதான் வென்றிருந்தது. அதன் மேலாளர் வில்லி மேலி 1897 முதல் அப்பதவியில் இருந்தவர். அவரிடம் ஆசிம் நேரில் சென்று, இந்தியாவிலிருந்து சிறந்த ஆட்டக்காரர் ஒருவர் வந்திருப்பதாகவும், அவரைச் சோதித்துப் பார்க்குமாறும், ஆனால் அவர் வெறுங்காலுடனேயே ஆடுவார் என்றும் கூறினார். வெறுங்காலுடன் ஒருவர் ஸ்காட்லாந்தின் தொழில்முறை வீரர்களுடன் மோதுவதா என்று மேலிக்குச் சிரிப்பு வந்தது. எனினும் ஒரு வாய்ப்பு அளித்துப் பார்ப்பதில் தவறில்லை என்று ஒப்புக்கொண்டார். கழக உறுப்பினர்கள் ஆயிரம் பேரும் பயிற்சியாளர்கள் மூவரும் பார்த்திருக்க நடந்த அச்சோதனையில் சலீம் தேறினார்.

1936 ஆகத்து 28 அன்று செல்ட்டிக் பார்க் மைதானத்தில் கால்ஸ்டன் அணிக்கு எதிராக அவர் களமிறங்கினார். செல்ட்டிக் 7–1 என வென்றது. மறுநாள் ஸ்காட்டிஷ் டெய்லி எக்ஸ்பிரஸ் செய்தித்தாள் அவரை இந்தியச் செப்படி வித்தைக்காரர் என்ற பொருள்படும் தலைப்பிட்டு எழுதியது. பந்தைப் பெருவிரலில் நிறுத்தி அங்கிருந்து சுண்டுவிரல் வரை உருளவிட்டு, ஒற்றைக் காலால் தாவித் தற்காப்பு வீரரைச் சுற்றிச் சென்று நடு ஆட்டக்காரரிடம் தட்டிவிடும் அவரது முறையை அச்செய்தி வியந்து விவரித்தது. ஏழு கோல்களில் மூன்று அவர் அமைத்துக் கொடுத்தவை. அந்த ஆட்டத்தில் தண்ட உதை அடிக்கும் வாய்ப்பு தரப்பட்டபோது, கூச்சமாக இருக்கிறது என்று அவர் மறுத்துவிட்டார். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. எல்லாவற்றையும் ஆசிம்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது. ஆமில்டன் அணிக்கு எதிரான மற்றோர் ஆட்டத்தில் செல்ட்டிக் 5–1 என வென்றது. அதில் கூச்சத்தை விட்டுத் தண்ட உதையில் ஒரு கோலும் அடித்தார்.

இவ்வாட்டங்களைப் பற்றி ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. சலீம் ஆடியது செல்ட்டிக் கழகத்தின் முதன்மை அணியில் அன்று. பெரிய கழகங்களின் இரண்டாம் அணிகளும் சிறிய கழகங்களும் மோதும் அலையன்ஸ் போட்டியில்தான். ஸ்காட்லாந்து லீக் ஆட்டம் எதிலும் அவர் ஆடவில்லை. பல கட்டுரைகளில் இவ்வேறுபாடு சொல்லப்படுவதில்லை. இதனால் அவரது சிறப்பு குறைந்துவிடாது. அந்நாட்களில் பிரித்தானியத் தொழில்முறைக் கழகங்களில் வெள்ளையர் அல்லாத வீரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். செல்ட்டிக் கழகத்தின் முதன்மை அணியிலேயே ஒரு கறுப்பின வீரர், ஜமைக்காவைச் சேர்ந்த கில் ஏரன், ஆடியது 1951 இல்தான்.

இக்காலத்தின் நினைவாக ஒரு புகைப்படம் எஞ்சியுள்ளது. செல்ட்டிக் கழகத்தின் பயிற்சியாளர் ஜிம்மி மெக்மெனமி கீழே குனிந்து சலீமின் பாதத்தில் துணிக்கட்டுச் சுற்றிக்கொண்டிருக்கிறார். மெக்மெனமி தம் காலத்தில் ஸ்காட்லாந்து தேசிய அணிக்கு ஆடிய புகழ்பெற்ற வீரர். இந்தியா பிரித்தானியரின் ஆட்சியில் இருந்த காலத்தில் எடுக்கப்பட்ட படம் இது என்பதை நினைவிற்கொண்டால் அதன் பொருள் இன்னும் தெளிவாகும்.

நாடு திரும்பல்

சில மாதங்களுக்குள்ளாகவே சலீமுக்கு வீட்டு நினைவு மிகுந்தது. மொழி தெரியாத ஊர், பழகாத குளிர், ஆசிமைத் தவிரப் பேசுவதற்கு ஆளில்லை. அவர் திரும்பிச் செல்ல முடிவு செய்தபோது செல்ட்டிக் கழகம் அவரைத் தடுக்க முயன்றது. அவருக்காக ஓர் அறக்கொடை ஆட்டம் நடத்தி, வசூலில் ஐந்து விழுக்காட்டை அவருக்குத் தருவதாகவும் கூறியது. தம் பங்கினை அவ்வாட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராக அழைக்கப்படவிருந்த அனாதைக் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடுமாறு சலீம் சொல்லிவிட்டார். ஐந்து விழுக்காடு என்றால் எவ்வளவு என்று அறியாமல் சொன்ன அவர், தொகையைக் கேட்டு வியந்தபோதும் சொன்ன சொல்லை மாற்றவில்லை என்று கூறப்படுகிறது.

அத்தொகை 1,800 பவுண்டு என்று பல இடங்களில் எழுதப்பட்டுள்ளது. இது ஐயத்துக்குரியது. ஐந்து விழுக்காடு 1,800 பவுண்டு என்றால் மொத்த வசூல் 36,000 பவுண்டாக இருந்திருக்க வேண்டும். நுழைவுக் கட்டணம் ஆளுக்கு ஒரு ஷில்லிங் என்று கொண்டால், ஏழு இலட்சத்து இருபதாயிரம் பேர் ஆட்டம் பார்த்திருக்க வேண்டும். 1937 இல் கிளாஸ்கோவின் ஆம்டன் பார்க் மைதானத்தில் ஸ்காட்லாந்து – இங்கிலாந்து ஆட்டத்தைக் காண வந்த பெருங்கூட்டமே ஒன்றரை இலட்சத்துக்குச் சற்றுக் குறைவு. கொடை உண்மையாயினும், தொகை வாய்வழியாக வளர்ந்திருக்கவே வாய்ப்பு மிகுதி.

செருமனியிலிருந்தும் தொழில்முறை ஒப்பந்தத்துக்கு அழைப்பு வந்ததாகத் தெரிகிறது. அதையும் சலீம் ஏற்கவில்லை. இம்முடிவின் விலை சிறியது அன்று. பிரித்தானியாவில் காற்பந்தாட்டம் 1880களிலேயே ஊதியம் பெறும் தொழிலாகிவிட்டது. ஒரு கழகத்தில் இடம் பெற்றவர் வாரந்தோறும் சம்பளம் பெறலாம். கொல்கத்தாவிலோ எத்தனை ஆயிரம் பேர் திரண்டு வந்து பார்த்தாலும் வீரர் பெயரளவில் ஊதியமற்றவரே. ஆட்டத்தால் வாழ்க்கை நடத்தக் கிடைத்த ஒரே வாய்ப்பைச் சலீம் கிளாஸ்கோவிலேயே விட்டுவிட்டு வந்தார். அதற்காக அவர் பின்னாளில் வருந்தியதாகச் செய்தி எதுவும் இல்லை.

கொல்கத்தா திரும்பிய அவர் மீண்டும் முகம்மதன் ஸ்போர்ட்டிங் அணியில் ஆடினார். 1937, 1938 ஆகிய ஆண்டுகளிலும் அணி லீக் போட்டியை வென்றது. 1939 இல் கிண்ணம் முதன்முறையாக மோகன் பகானுக்குச் சென்றது. 1940 இல் முகம்மதன் ஸ்போர்ட்டிங் டூரண்ட் கிண்ணத்தை வென்று, அதனை வென்ற முதல் இந்திய அணியானது. அதற்குள் சலீமின் ஆட்டக்காலம் முடிவுக்கு வந்துகொண்டிருந்தது.

பின்னாளைய காற்பந்தாட்டம்

சலீம் கிளாஸ்கோவில் ஆடிய பின்னும் இந்திய வெறுங்கால் ஆட்டம் பல ஆண்டுகள் நீடித்தது. 1948 இலண்டன் ஒலிம்பிக் போட்டியில் விடுதலை பெற்ற இந்தியாவின் அணியினர் பெரும்பாலோர் வெறுங்காலுடன் பிரான்சை எதிர்த்து ஆடி 1–2 என்ற கணக்கில் தோற்றனர். இரண்டு தண்ட உதைகளை வீணாக்கிய அந்த ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். 1950 உலகக்கிண்ணப் போட்டியிலிருந்து இந்தியா விலகியதற்குக் காலணி விதியே காரணம் என்ற கதை தமிழ்நாட்டிலும் பரவலாக நம்பப்படுகிறது. உண்மையில் காற்பந்துக் கூட்டமைப்பு அப்போட்டிக்கு முக்கியத்துவம் தராததே முதன்மைக் காரணம் என ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். 1952 எல்சிங்கி ஒலிம்பிக் போட்டியில், குளிரில், யூகோசுலாவியாவிடம் 1–10 எனத் தோற்ற பிறகே இந்திய அணிக்குக் காலணி கட்டாயமாக்கப்பட்டது.

மற்றோர் இந்தியர் ஐரோப்பியத் தொழில்முறைக் கழகம் ஒன்றில் ஒப்பந்தம் பெற அறுபத்து மூன்று ஆண்டுகள் ஆயின. 1999 இல் பாய்ச்சுங் பூட்டியா இங்கிலாந்தின் பரி கழகத்தில் சேர்ந்தார். அப்போதுதான் இதற்கு முன் ஐரோப்பா சென்றவர் யார் என்ற கேள்வி எழுந்து, சலீமின் பெயர் மீண்டும் செய்திகளில் இடம்பெறத் தொடங்கியது. விளையாட்டு வரலாற்றாய்வாளர்கள் அவரது குடும்பத்தினரிடமிருந்தும் ஸ்காட்லாந்துப் பழைய செய்தித்தாள்களிலிருந்தும் தகவல்களைத் திரட்டினர். இன்று கிடைக்கும் செய்திகளில் பெரும்பகுதி இவ்வாறு திரட்டப்பட்டதே.

இறுதிக் காலம்

சலீம் முதுமையில் நோயுற்றிருந்தபோது அவரது மகன் செல்ட்டிக் கழகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். தந்தையின் மருத்துவச் செலவுக்குப் பணம் தேவைப்படுவதாக அதில் குறிப்பிட்டிருந்தார். பணம் பெறுவது தம் நோக்கமாக இருக்கவில்லை என்றும், இரண்டே ஆட்டங்கள் ஆடிய ஒருவரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அக்கழகம் நினைவில் வைத்திருக்கிறதா என்று அறியவே எழுதியதாகவும் மகன் பின்னர் தெரிவித்தார். கழகத்திடமிருந்து பதிலும் 100 பவுண்டுக்கான வங்கி வரைவோலையும் வந்து சேர்ந்தன. குடும்பத்தினர் அந்த வரைவோலையைப் பணமாக மாற்றாமல் நினைவுப் பொருளாகப் பாதுகாத்து வைத்தனர்.

முகம்மது சலீம் 1980 ஆம் ஆண்டில் தமது 76 ஆவது வயதில் காலமானார்.